திருப்புளியும் சென்சாரும்: தாம்பரம் வட்டாரத்தில் கார் ஐட்லிங் வரலாறு

ஆக்சிலேட்டரில் கால் வைக்காத நிலையிலும் கார் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது ஐட்லிங் எனப்படும். பட்டறைப் பேச்சில் இதை 'ஸ்லோ' என்பர். ஐட்லிங் சீராக இல்லாமல் எஞ்சின் குலுங்குவதும், வேகம் ஏறி இறங்குவதும், சிக்னலில் நிற்கும்போது அணைந்துபோவதும் பழைய கார்களில் அதிகம் காணப்படும் குறைகள். இக்குறையைத் தீர்க்கும் முறை கடந்த எழுபது ஆண்டுகளில் முழுவதும் மாறியுள்ளது. தாம்பரத்தை ஒட்டிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் இம்மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் காணலாம். வண்டலூரில் கார்புரேட்டர் கார்கள் தயாராயின. மறைமலை நகரில் கார்புரேட்டர்களே தயாராயின. பின்னர் அதே மறைமலை நகரில் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின் கொண்ட கார்கள் உருவாயின.

ஐட்லிங்கின் இயல்பு

பெரும்பாலான நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை சுழலும். இந்நிலையில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகடு ஏறத்தாழ மூடியிருக்கும். எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகக் குறைவு. அதனால் கலவையில் ஏற்படும் சிறு பிசகும் உடனே வெளியே தெரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது மறைந்துகிடக்கும் குறை, நிற்கும்போது குலுக்கலாக வெளிப்படுவது இதனால்தான். எஞ்சினின் உடல்நிலையை அறிய மெக்கானிக்குகள் முதலில் ஐட்லிங்கைக் கேட்பதற்கும், அரசின் புகைச் சோதனை ஐட்லிங்கிலேயே நடத்தப்படுவதற்கும் காரணம் இதுவே.

வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலை

இந்தியா விடுதலை பெற்ற உடனேயே சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் இரண்டு கார் ஆலைகள் தோன்றின. வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கப்பட்டு ஆஸ்டின் கார்களைப் பொருத்தியது. அதே ஆண்டில் சென்னையின் யூனியன் கம்பெனியும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தை அமைத்தன. இதன் ஆலை தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் இருந்தது. முதலில் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரும், பின்னர் சிறிய ஸ்டாண்டர்டு கார்களும் இங்கு உருவாயின.

1953இல் சுங்கத் தீர்வைக் குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, உள்நாட்டில் உதிரிபாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இடம் என்ற கொள்கை வந்தது. பாகங்களை இறக்குமதி செய்து பொருத்தி மட்டும் வந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார் தயாரிப்பில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆகியவற்றுடன் வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலை மூன்றாவதாக நிலைத்தது.

1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்த ஆலையின் புகழ்பெற்ற கார். அதன் எஞ்சின் 948 சி.சி. கொள்ளளவு கொண்டது. முன்பக்க மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்னோக்கித் திறக்கும். எஞ்சினின் இருபுறமும் தடையின்றிக் கை எட்டும். பட்டறைக்காரர்கள் இக்காரை விரும்பியதற்கு இது முக்கியக் காரணம். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழித்தோன்றலாக ஸ்டாண்டர்டு கேசல் வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் கார் தயாரிப்பு நின்றது.

1985இல் ஆலை ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலமைப்பில், பழைய வேன்கார்டு எஞ்சின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. தோற்றம் புதியது, எஞ்சின் 1940களின் வடிவமைப்பு. உலகின் மறுபக்கத்தில் அதற்குள் பெட்ரோல் இன்ஜெக்ஷன் பரவத் தொடங்கியிருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இல் மின்னணு இன்ஜெக்ஷனை அறிமுகம் செய்தது. 1976இல் அந்நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் வால்வோ கார்களில் இடம்பெற்றது. ஸ்டாண்டர்டு 2000 விலையிலும் பெட்ரோல் செலவிலும் வாங்குவோரைக் கவரவில்லை. 1988 அளவில் அதன் தயாரிப்பு நின்று, ஆலையும் மூடப்பட்டது. அந்நிலத்தில் பிற்காலத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன.

கார்புரேட்டர் காலத்துப் பட்டறை முறை

ஹெரால்டு, அம்பாசடர், பிரீமியர் கார்களின் ஐட்லிங்கை இரண்டு திருகுகள் தீர்மானித்தன. ஒன்று த்ராட்டில் தகடு எவ்வளவு மூடலாம் என்று தடுக்கும் வேகத் திருகு. மற்றொன்று ஐட்லிங் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் கலவைத் திருகு. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே இவற்றைத் தொடுவர். கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருகினால் ஓரிடத்தில் எஞ்சின் தடுமாறும். பிறகு வெளியே திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஓசை சீராகி வேகம் உச்சம் தொடும். அங்கே நிறுத்தி, வேகத் திருகால் வேகத்தைக் குறைப்பர். ஒரு திருப்புளியும் பழகிய காதும் இதற்குப் போதும்.

ஆனால் தேர்ந்த மெக்கானிக் கார்புரேட்டரை முதலில் தொடமாட்டார். குறை பெரும்பாலும் தீப்பொறித் தொகுதியில் இருக்கும். டிஸ்டிரிபியூட்டருக்குள் உள்ள 'பாயிண்ட்' திறக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சமன் செய்து, இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளந்து வைப்பர். பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்ப்பர். கரிய படிவு இருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்மையாக இருந்தால் காற்று மிகுதி. இளம் பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும். ஓடும் எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதும் வழக்கம். எந்த வயரைப் பிடுங்கியும் ஓசை மாறவில்லையோ, அந்த சிலிண்டரே வேலை செய்யாதது.

தட்பவெப்பமும் குறைகளை வகுத்தது. சித்திரை, வைகாசி வெயிலில் பெட்ரோல் குழாயிலும் பம்பிலும் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். நெரிசலில் சிறிது நேரம் ஐட்லிங்கில் நின்ற கார் அணைந்து, மீண்டும் கிளம்ப மறுக்கும். பம்பின் மீது ஈரத்துணி போட்டுக் குளிர்விப்பது எல்லா ஓட்டுநரும் அறிந்த வைத்தியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்து தீப்பொறி கசியும். மூடியைக் கழற்றித் துடைத்து உலர்த்தினால் எஞ்சின் கிளம்பிவிடும்.

மறைமலை நகரின் கார்புரேட்டர் தொழில்

தாம்பரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சென்னையின் துணைநகரமாகத் திட்டமிடப்பட்டது மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கியது. சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனமும் ஜப்பானின் மிகுனி நிறுவனமும் இணைந்து 1985இல் உருவாக்கிய யூகால் ஃப்யூவல் சிஸ்டம்ஸ் இங்கு ஆலை அமைத்தது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்திருந்த மாருதி 800 காருக்கு இந்நிறுவனம் கார்புரேட்டர் வழங்கியது.

மாருதி 800 பட்டறைகளின் பழக்கத்தை ஓரளவு மாற்றியது. அதன் 796 சி.சி. எஞ்சினில் மூன்றே சிலிண்டர்கள். ஒரு சிலிண்டர் தவறினால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். குலுக்கலும் நான்கு சிலிண்டர் காரைவிட மிகுதி. கார்புரேட்டரில் திருகுகளோடு பல மெல்லிய ரப்பர் குழாய்களும் இருந்தன. ஏதேனும் ஒரு குழாய் வெடித்தாலோ இடம் மாறிச் செருகப்பட்டாலோ அதன் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்து ஐட்லிங்கைக் கெடுக்கும். திருகை மட்டும் திருப்பிக் குறையை மறைக்கும் பழக்கம் இங்கே தோற்றது.

புகைச் சோதனையும் சட்டமும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஐட்லிங்கைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. அவ்விதிகளின் 115ஆம் விதிப்படி, பெட்ரோலில் ஓடும் நான்கு சக்கர வாகனம் ஐட்லிங்கில் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு, மூன்று சக்கர வாகனங்களுக்கு இவ்வரம்பு 4.5 விழுக்காடு. புகைக்குழாயில் சோதனைக் கருவியின் குழலைச் செருகி அளந்து சான்றிதழ் தரும் முறை இதிலிருந்து பரவியது.

இது மெக்கானிக்கின் காதுக்கு ஒரு போட்டி. எஞ்சின் மிக இனிமையாக ஓடும் கலவை, சட்டம் கேட்கும் கலவையைவிடச் சற்றுப் பெட்ரோல் மிகுந்தது. காதால் 'ஸ்லோ' வைத்த கார் சோதனையில் தோற்பதும், சோதனைக்காகக் கலவையைக் குறைத்த கார் மறுநாள் சிக்னலில் அணைவதும் நேர்ந்தன. காது, கருவி இரண்டும் ஒப்பும் இடத்தைக் கண்டுபிடிப்பது அக்காலத்தின் புதிய திறமை. 2004 முதல் வரம்பு மேலும் இறுகியது. பாரத் ஸ்டேஜ் 2 தரத்தில் தயாரான பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காடாகவும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்காகவும் குறைக்கப்பட்டன. அதற்கு முந்தைய கார்களுக்கு 3 விழுக்காடும் 1500 பங்கும் வரம்பாயின.

இன்ஜெக்ஷன் கார்களின் வருகை

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்கென ஈயம் இல்லாத பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போனால் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். ஆகவே, மிஸ்ஸிங் அடிக்கும் ஐட்லிங்கைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது அதுமுதல் செலவு வைக்கும் அலட்சியமானது.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்த ஹூண்டாய், 1998இல் சான்ட்ரோ காரைப் பல்முனை இன்ஜெக்ஷன் எஞ்சினுடன் வெளியிட்டது. மறைமலை நகர் ஆலையில் ஃபோர்டு 1999இல் ஐகான் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. மாருதி 800 காரும் 2000ஆம் ஆண்டில் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. 2000இல் நாடு முழுவதற்கும் புதிய புகை விதிகள் வந்தன. 2001இல் சென்னையில் பாரத் ஸ்டேஜ் 2 நடைமுறைக்கு வந்தது. இதன்பின் கார்புரேட்டருடன் புதிய கார் விற்பது இயலாததாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் ஜி.எஸ்.டி. சாலைப் பட்டறைகளுக்கு முற்றிலும் புதிய வகை எஞ்சின்கள் வந்து நின்றன.

சென்சார் சரிசெய்தல்

இன்ஜெக்ஷன் எஞ்சினில் கலவைத் திருகு இல்லை. எஞ்சின் கணினி, சென்சார்கள் தரும் மின்னழுத்தத்தை வைத்துப் பெட்ரோல் அளவைக் கணக்கிடுகிறது. ஐட்லிங்கைப் பொறுத்தவரை ஐந்து பாகங்கள் முக்கியம்: த்ராட்டில் தகட்டின் நிலையைச் சொல்லும் சென்சார், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சார், எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சார், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார், ஐட்லிங்குக்கு வேண்டிய காற்றைப் பக்கவழியே விடும் வால்வு.

இவற்றுள் கையால் சரிசெய்யும் வாய்ப்பு பழைய கார்களின் த்ராட்டில் சென்சாரில் மட்டுமே எஞ்சியது. சில மாதிரிகளில் இந்த சென்சாரின் திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருக்கும். திருகுகளைத் தளர்த்திச் சிறிது சுழற்றலாம். சென்சாருக்குக் கணினி 5 வோல்ட் அனுப்பும். தகடு மூடிய நிலையில் திரும்பி வருவது பெரும்பாலும் 0.5 வோல்ட் அளவிலும், முழுவதும் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். துல்லிய அளவு காருக்குக் கார் மாறும். மூடிய நிலையிலேயே அழுத்தம் கூடுதலாக வந்தால், ஓட்டுநர் ஆக்சிலேட்டரில் கால் வைத்திருக்கிறார் என்று கணினி கருதும். ஐட்லிங் கட்டுப்பாட்டுக்குள் அது நுழையாது. வேகம் ஏறி இறங்கும். மல்டிமீட்டரை இணைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கும்போது அழுத்தம் தாவாமல் சீராக உயர்கிறதா என்றும் பார்ப்பர். நடுவில் திடீரென விழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது. சுழற்றிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

பழைய பழக்கம் இங்கே பெருந்தவறுக்கு வழிவகுத்தது. த்ராட்டில் தகட்டைத் தடுக்கும் திருகு இன்ஜெக்ஷன் கார்களிலும் உண்டு. ஆலையில் அமைத்து முத்திரையிடப்படும் அதனை, கார்புரேட்டரின் வேகத் திருகு என்று எண்ணித் திருப்பியவர் பலர். எஞ்சின் வேகம் உடனே உயர்ந்து குறை தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் சென்சாரின் மூடிய நிலை அளவு மாறிவிடும். கணினி வால்வை மூடி வேகத்தைக் குறைக்க முயலும். சில நாளில் தடுமாற்றம் மேலும் மோசமாகத் திரும்பும்.

அனுபவத்தில் உருவான ஒழுங்குமுறை வேறு. முதலில் பிளக், காயில், வயர் ஆகியவற்றைப் பார்ப்பது. இரண்டாவது, பிரேக் பூஸ்டர் குழாய், எஞ்சின் ஆவிக் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே காற்று கசிகிறதா என அறிவது. மூன்றாவது, த்ராட்டில் உடலிலும் ஐட்லிங் வால்விலும் படிந்த கரியைத் துடைப்பது. நான்காவது, சென்சார் இணைப்பிகளைக் கழற்றிப் பச்சைப் பாசிபோல் களிம்பு பிடித்துள்ளதா என்று காண்பது. அதன் பிறகே சென்சாரை அளப்பது. முதல் மூன்று படிகளிலேயே பெரும்பாலான கார்கள் சரியாகிவிடும். அவற்றுக்குப் புதிய பாகச் செலவும் அதிகமில்லை.

கணினி பதிந்துவைத்த குறையை அறியவும் வழி இருந்தது. தொடக்ககால மாருதி இன்ஜெக்ஷன் கார்களில் சோதனை இணைப்பியின் குறிப்பிட்ட முனையை எர்த்துடன் சிறு வயரால் இணைத்தால், டேஷ்போர்டு விளக்கு எண்ணாகச் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல் என்றால் 12. கார்களில் பொதுவான சோதனை முனையான ஓபிடி அமெரிக்காவில் 1996 முதலும், இந்தியாவில் 2010களிலும் கட்டாயமானது. கையடக்க ஸ்கேனர்கள் விலை குறைந்ததும் சாலையோரப் பட்டறைகளுக்கும் வந்தன. ஆனால் ஸ்கேனர் காட்டும் எண் ஒரு சென்சாரின் அளவு பிசகியதைச் சொல்லுமே தவிர, பிசகியதற்கான காரணத்தைச் சொல்லாது. கிழிந்த குழாய் வழியே காற்று கசிந்தாலும் ஆக்சிஜன் சென்சாரின் எண்ணே வரக்கூடும். எண்ணைப் பார்த்து சென்சாரை மாற்றுபவர் பணத்தை இழப்பார். குறை அங்கேயே இருக்கும்.

கல்வியும் பட்டறையும்

இவ்வட்டாரத்துக்கு வாகனப் பொறியியல் கல்வி புதிதன்று. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னை தொழில்நுட்பக் கல்லூரி (எம்.ஐ.டி.), வானூர்திப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகியவற்றோடு வாகனப் பொறியியலையும் தொடக்கம் முதலே கற்பித்தது. இக்கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. வாகனமும் கருவியியலும் ஒரே வளாகத்தில் இருந்தன. இன்றைய எஞ்சின் இவ்விரண்டின் சேர்க்கையே. ஆயினும் சாலையோரப் பட்டறையின் கல்வி வேறு வழியில் நடந்தது. சிறுவயதில் கைவேலைக்குச் சேர்ந்து, மூத்தவரைப் பார்த்துப் பழகியவர்களே பெரும்பான்மையர். 2000க்குப் பின் மின்சுற்றுப் படமும் மல்டிமீட்டரும் தெரியாதவர்கள் டயர், பிரேக், கிளட்ச் வேலைகளோடு நின்றனர். கற்றுக்கொண்டவர்கள் தனியே 'கார் எலக்ட்ரிஷியன்' ஆயினர் அல்லது இருவகை வேலையும் செய்யும் பட்டறைகளை நடத்தினர்.

வெள்ளமும் இணைப்பிகளும்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் புகுந்தது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் மூழ்கின. நீரில் மூழ்கிய கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி உலர்த்தலாம். சென்சார் இணைப்பிக்குள் புகுந்த சேற்றுநீர் அப்படி விடுவதில்லை. பித்தளை முனைகள் மெல்ல அரித்து மின்தடை கூடும். சில மாதங்கள் கழித்தே ஐட்லிங் தடுமாறத் தொடங்கும். வெள்ளத்தில் நின்ற காரின் ஒவ்வொரு இணைப்பியையும் கழற்றித் துடைக்க வேண்டும் என்பதும், பரிசோதிக்கும் முன் எஞ்சினைக் கிளப்பக் கூடாது என்பதும் இதன் பாடங்கள்.

இன்றைய நிலை

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடும் முடிவு 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2022இல் கார் தயாரிப்பு நின்றது. 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் இருசக்கர வாகனங்களிலிருந்தும் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றது. எனினும் பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. தனியார் கார் 15 ஆண்டுகள் கடந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. புகைச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழுக்காக அளக்கப்படுவது ஐட்லிங் என்பதால், பழைய கார் சாலையில் நீடிப்பது பெருமளவு அதன் ஐட்லிங்கைப் பொறுத்ததாகிவிட்டது.

இப்போது எரிபொருளும் மாறியுள்ளது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாட்டின் சராசரிக் கலப்பே அந்த அளவை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதை எரிக்கக் குறைந்த காற்று போதும். தூய பெட்ரோல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும்; இந்தக் கலவைக்கு 13.5 கிலோ அளவே. ஆக்சிஜன் சென்சார் உள்ள கார், தன் எல்லைக்குள் பெட்ரோலைக் கூட்டி இதை ஈடுசெய்யும். கார்புரேட்டர் காரின் ஜெட் துளை மாறாதது. கலவையில் காற்று மிகுந்து ஐட்லிங் தடுமாறும். பழைய ரப்பர் டயாஃப்ரம்களும் குழாய்களும் எத்தனாலில் கெடவும் கூடும். ஹெரால்டு காலத்தில் கலவைத் திருகைக் காதால் நிறுத்திய கைத்திறனுக்கு இதனால் மீண்டும் வேலை வந்திருக்கிறது. அதை அறிந்த கைகள் இப்போது மிகச் சிலவே.